தங்கச்சிக்குப் பங்கில்லாத நோய்

இறுப்பிட்டியில் மீனாம்பிகையிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அளவெடுக்கும்போது பிள்ளை சிரித்தால் மீனாம்பிகை அதன் பல்லைப் பார்ப்பாள். பல் வெள்ளையாக, வரிசையாக இருந்தால் அந்தச் சட்டை ஒரு கிழமை பிந்தும். தலைமயிரும் அடர்த்தியாக இருந்தால் இன்னொரு கிழமை. ஊர் இதை அறிந்து, அதற்கேற்ப நடந்து, அவளிடமே தைத்துக்கொண்டிருந்தது. புங்குடுதீவு முழுக்கத் தேடினாலும் அவளைப் போலத் தோள் பொருந்தத் தைக்க ஆளில்லை.

அவளுடைய ஒரே பிள்ளை நிலாந்தி. வயது முப்பதைக் கடந்துவிட்டது. முளைத்த பல்லெல்லாம் சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தது. முன்தலையில் மயிர் ஏறி, முகம் வற்றி, தாயையும் மகளையும் பக்கத்தில் இருத்தினால் புதிதாக வருகிறவர்கள் யார் மூத்தவர் என்று யோசிப்பார்கள். நடப்பாள், மெதுவாக. தெரிந்த சொற்கள் கொஞ்சம். உடை மாற்ற, குளிக்க, தலை வார எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். யார் கை பட்டாலும் கத்துவாள். பழகிய சில கைகளுக்கு மட்டும் அமைதியாக இருப்பாள்.

நான் இந்தத் தீவுகளில் குடும்பநல மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊர்காவற்றுறை ஆள். தீவுச் சனம் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிப் போய்ச் சுழிபுரம் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்த காலத்தில் நிலாந்தியைப் பிறப்பித்தது நான்தான். பெரிய பிள்ளை. கன்னம் இரண்டும் உப்பி, பார்த்தவர்கள் எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள். தலை நிற்க வேண்டிய காலத்தில் தலை நிற்கவில்லை. தவழ வேண்டிய காலத்தில் தவழவில்லை. அதற்குப் பிறகு யாரும் கொஞ்ச வரவில்லை.

காரணம் என்ன என்று சொந்தக்காரர்கள் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். மீனாம்பிகை கட்டியிருந்தது தாய்மாமன் மகன் அரியநாயகத்தை. சொந்த மச்சான். "இரத்தம் இரத்தத்தோடை சேர்ந்து கெட்டுப்போச்சு" என்றார்கள். தலைமுறை தலைமுறையாக மச்சானையும் மச்சாளையும் கட்டி வைத்த குடும்பம் ஒரு பிள்ளையைப் பார்த்துப் பயந்துவிட்டது. மீனாம்பிகையின் தங்கச்சி அஜந்தாவுக்கு அரியநாயகத்தின் தம்பியைப் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, அவளை மண்கும்பானில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிறத்தி ஆள், நல்ல குடும்பம், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்.

மீனாம்பிகையின் எரிச்சல் அன்றைக்குப் பற்றியது. அரியநாயகம் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுக்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவரில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் தன் பிள்ளை விழுந்த பள்ளத்தைப் பார்த்துத்தான் தங்கச்சியை மேட்டால் கொண்டுபோனார்கள் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

"மிஸ், நான் தடக்கி விழுந்தன். பின்னாலை வந்தவள் என்ர முதுகிலை மிதிச்சுக் கடந்து போனாள். நான் அவளுக்குச் சந்தோசப்பட வேணுமோ?"

"அவள் மிதிக்கேல்லை. கூட்டிக்கொண்டு போனவை மற்ற ஆக்கள்."

"மிதிச்ச கால் ஆற்றையெண்டு முதுகுக்குத் தெரியுமோ?"

அஜந்தாவுக்குச் சுஜிதன் பிறந்தான். ஒரு வயது முடிய முன்னம் நடந்தான். அவன் முதல் தரம் இறுப்பிட்டிக்கு வந்து நடந்து காட்டிய நாளில் மீனாம்பிகை தையல் மிசினை விட்டு எழும்பவே இல்லை. புலமைப்பரிசில் சோதினையில் அவன் சித்தியடைந்தபோது பள்ளிக்கூடச் சேட்டொன்று தைத்துக் கொடுத்தாள். தங்கச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் பிள்ளை கழுத்துப் பட்டனைப் பூட்டியதும் முகம் சிவந்து இருமத் தொடங்கினான். தோள் கச்சிதம், கை கச்சிதம், கழுத்து மட்டும் சிறியது. மீனாம்பிகை அளவில் பிழை விடுகிறவள் இல்லை.

அஜந்தா ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டாள். "மோட்டார் சைக்கிளிலை நாலு பேருக்கு இடம் காணாது. அதுதான்" என்று மீனாம்பிகை வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். அஜந்தாவுக்குப் பயமிருந்தது. அக்காவின் இரத்தம்தானே தன்னுடையதும். அது சுஜிதனிலோ அவன் பிள்ளைகளிலோ எப்போதாவது தலைகாட்டும் என்று பயந்தாள். நிலாந்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பயத்தை மீனாம்பிகை நன்றாகக் கண்டுகொண்டாள். அதற்காகவே தங்கச்சிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள்.

இப்படியே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. நிலாந்திக்குத் தைரொயிட் பிழைத்தது, முதுகும் வளையத் தொடங்கியது. நோயின் பெயர் தெரிந்தால் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்றாவது தெரியும் என்று நான் நினைத்தேன். கொழும்பிலிருந்து பரம்பரை நோய்களைப் பார்க்கிற டொக்டர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு வந்து போவதாக அறிந்து, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரின் இரத்தமும் எடுத்தார்கள். முடிவு வரச் சில மாதம் பிடித்தது. ஆவணியில் திரும்பப் போனோம்.

டொக்டர் இளம் பெண். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். நிலாந்திக்குக் கைதட்டிக் காட்டி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத் தாயிடம் திரும்பினா.

"அம்மா என்ன வேலை?"

"தையல்."

"அப்ப எனக்கு லேசு. எங்கடை உடம்பிலை ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் ஒரு கரு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சின்னன். அதுக்குள்ளை டி.என்.ஏ. எண்ட நூல், எல்லாத்தையும் நீட்டிப் பிடிச்சால் இரண்டு மீற்றர் வரும். உடம்பை எப்பிடிக் கட்டுறது, எப்பிடி நடத்துறது எண்ட எழுத்தெல்லாம் அந்த நூலிலைதான்."

"இரண்டு மீற்றரைச் சும்மா திணிச்சால் சிக்குப்படும்" என்றாள் மீனாம்பிகை.

"அதுக்குத்தான் கட்டை இருக்கு. ஹிஸ்ரோன் எண்டொரு புரதம். எட்டுத் துண்டு சேர்ந்து ஒரு நூற்கட்டை. நூல் அதிலை ஒண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுத்திப்போட்டு அடுத்த கட்டைக்குப் போகும். சுத்தின நூலோடை சேர்ந்த ஒரு கட்டைக்கு நியூக்ளியோசோம் எண்டு பேர். மணி கோத்த மாதிரிக் கோடிக்கணக்கிலை இருக்கும். அந்த முழு அடுக்குத்தான் குரோமற்றின்."

"கட்டையிலை சுத்தினது கழண்டு போகாதோ?"

"அங்கைதான் விசயம். நூல் கட்டைக்குள்ளை போற வாசலிலையும் வெளியிலை வாற வாசலிலையும் இன்னொரு புரதம் வந்து பிடிக்கும். உடுப்புக்குக் குத்துற கிளிப் மாதிரி நினையுங்கோ. அதுக்கு ஒரு நீள வால் இருக்கு. கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலை ஓடுற நூலை அந்த வாலாலை பிடிச்சு, கட்டையளை நெருக்கி அடுக்கி, மூடி வைக்கும்."

மீனாம்பிகை கொஞ்சம் யோசித்தாள். "எந்த நேரமும் மூடிக் கிடந்தால் நூலிலை எழுதினதை எப்பிடி வாசிக்கிறது?"

"நல்ல கேள்வி. கிளிப் ஒரேயடியாக் குந்தியிராது. கொஞ்சம் பிடிக்கும், விடும், வேறை கட்டைக்குப் போகும். அந்த இடைவெளியிலை வேறை புரதங்கள் வந்து அதே கட்டையிலை குந்தும். அவை வந்தால் அந்த இடம் தளரும்; எழுத்தை வாசிக்கலாம். பேந்து கிளிப் திரும்பி வரும். ஒரு கதிரைக்கு இரண்டு பேர் அடிபடுற மாதிரி நாள் முழுக்க நடக்கும்."

"ஆர் வெல்லுறது?"

"ஒருத்தரும் முழுக்க வெல்லக் கூடாதம்மா. எந்த இடம் மூடியிருக்க வேணும், எந்த இடம் திறந்திருக்க வேணும் எண்டது அந்த அடிபிடியிலைதான் ஒழுங்காகுது. மூளைக் கலத்துக்கு ஒரு ஒழுங்கு, எலும்புக் கலத்துக்கு வேறை ஒழுங்கு."

நிலாந்தியின் உடலில் அந்தக் கிளிப் வகைகளில் ஒன்றுக்கு வால் பழுது. அதைச் செய்யச் சொல்லுகிற பரம்பரை அலகு சோடியாக இருக்கிறது. ஒன்று நல்லது, மற்றதில் எழுத்துப் பிசகி, வால் முடிய வேண்டிய விதமாக முடியாமல் குறுகி, பிடிப்பு இல்லாமல் போய்விட்டது. கட்டைகள் நெருக்கமாக அடுக்குப்படவில்லை. மூடியிருக்க வேண்டிய இடம் நெகிழ்ந்து, கலங்கள் வேளைக்கே களைத்து, பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. பல்லும் மயிரும் முகத்தின் முதுமையும் மந்தமும் எல்லாம் அந்த ஒரு வாலில் தொடங்கியவை. உலகத்தில் இந்த நோய் உள்ளவர்களாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பெயர் வைத்தே அதிக காலம் ஆகவில்லை. இவ்வளவையும் டொக்டர் பொறுமையாகச் சொன்னா.

"அவிட்டுத் திருப்பித் தைக்க ஏலாதோ?"

"ஏலாதம்மா. ஒரு இடத்திலை எண்டால் பாக்கலாம். இது உடம்பு முழுக்க. வாற கரைச்சலை ஒவ்வொண்டாப் பாக்கலாம். தைரொயிட்டுக்கு மருந்திருக்கு, முதுகுக்குப் பயிற்சி இருக்கு."

மீனாம்பிகை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்: "இவரைக் கட்டினதாலைதானே?"

"இல்லை. சொந்தத்துக்குள்ளை கட்டினால் வேறை சில வருத்தங்கள் வாற சந்தர்ப்பம் கூட. அது உண்மை. அதுகளுக்கு அம்மாவிட்டையும் அப்பாவிட்டையும் இருந்து ஒரே பிழை வந்து சேர வேணும். இது அந்த வகை இல்லை. இதுக்கு ஒரு பிழையே போதும். அந்தப் பிழை உங்கடை இரத்தத்திலையும் இல்லை, ஐயாவின்ர இரத்தத்திலையும் இல்லை. நிலாந்தி கருவாகேக்கை புதுசா வந்தது. ஆரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம்."

அரியநாயகம் கதிரையிலிருந்தபடியே முகத்தைச் சால்வையால் பொத்திக்கொண்டார். மனிதர் அழுதார். மீனாம்பிகை அழவில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"என்ர தங்கச்சியின்ர மகனுக்கு? அவன்ர பிள்ளையளுக்கு?"

"ஊரிலை ஆருக்கும் இருக்கிற சந்தர்ப்பம்தான். விசேசமா ஒண்டுமில்லை."

அந்த இடத்தில் அவள் முகம் இறுகியதை நான் பார்த்தேன். நோயாளி வீட்டுக்காரர் நல்ல செய்தி கேட்ட முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அந்த முகம் இல்லை.

திரும்பி வரும் பஸ் மண்கும்பானால்தான் போகும். அஜந்தா வீட்டு ஒழுங்கை வந்ததும் அரியநாயகம் எழும்பினார்.

"இறங்குவம் மீனா. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம். அதுவும் பயந்துகொண்டெல்லே இருக்கு."

மீனாம்பிகை அவர் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"இருங்கோ."

"ஏனப்பா?"

"பயப்பிடட்டும். இவ்வளவு காலம் பயந்தவள் இன்னும் கொஞ்சம் பயந்தால் செத்துப் போகமாட்டாள்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மிஸ், நீங்களும்தான்."

நோயாளி வீட்டு விஷயத்தை வீட்டார் சொல்லாமல் நான் வெளியே சொல்லுவதில்லை. ஓய்வு பெற்றாலும் அது மாறாது. பஸ் மண்கும்பானைக் கடந்தது.

அந்த வருடம் கார்த்திகையில் புதுக் கதை வெளியே வந்தது. மீனாம்பிகையின் அண்ணர் செல்வரத்தினத்தின் மகள் கம்சிகா, முன்பள்ளி ஆசிரியை, பக்கத்து வளவில் இருக்கிறவள். நிலாந்தி பழகிய கைகளில் முதல் கை அவளுடையது, அடுத்தது என்னுடையது. அவளும் சுஜிதனும் விரும்புகிறார்கள். முறைப்படி மச்சானும் மச்சாளும்தான். இந்தக் குடும்பத்தில் முன்பு அப்படியொரு சோடி தானாக அமைந்தால் கோயிலுக்குப் பொங்கியிருப்பார்கள். இப்போது செல்வரத்தினம் தயங்கினார். அஜந்தா தயங்கவும் இல்லை. ஒரே சொல்லாக மறுத்துவிட்டாள். மச்சான் மச்சாளைக் கட்டினால் என்ன பிறக்கும் என்று அக்கா வீட்டில் பார்த்தவள் அவள். இடையில் கனடாவிலிருந்து கம்சிகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்து நின்றது. தை பிறந்தால் முடிவு சொல்ல வேண்டும்.

மீனாம்பிகை ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளைகளின் கலியாணம் நடக்கும். அவள் சொல்லவில்லை.

நிலாந்தியைக் குளிப்பாட்டப் போன ஒரு பின்னேரம் நான் கேட்டேன். தண்ணீர் பவுசர் லொறி வந்து போன நாள். வாளிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. நான் முதுகு தேய்க்க, மீனாம்பிகை தண்ணீர் ஊற்றினாள்.

"கம்சிகா மூண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லையாம்."

"கனடாவுக்குப் போறதெண்டால் மெலிஞ்சு போறது நல்லது."

"பகிடி விடாதையும். சொல்ல வேண்டியதைச் சொல்லும்."

"ஏன் சொல்ல வேணும்? தங்கச்சிக்குப் பிறத்தியிலை மாப்பிள்ளை கிடைச்சது என்ர பிள்ளையாலை. இப்ப மருமகளும் என்ர வாயாலையோ?"

"கம்சிகா போனால் உமக்குத்தான் கை முறியும். மண்கும்பான் பொடியனைக் கட்டினால் இஞ்சைதான் இருப்பாள்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அங்கே வருவான். சுஜிதன் கட்டினால் அடுத்த வளவில் வந்து குடியிருப்பான்.

"அதுதான் மிஸ்" என்றாள் மீனாம்பிகை. வாளியைக் கீழே வைத்தாள். "அவன் வேலிக்கு அங்காலை இருப்பான். அவன்ர பிள்ளை வயது முடிய முன்னம் நடக்கும். வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துச் சிரிக்கும். பல்லு எல்லாம் இருக்கும். நான் விடிஞ்சால் பொழுதுபட்டால் அதைப் பாக்க வேணும். கனடா எண்டால் தூரம். அங்கை ஆற்றை பிள்ளைக்கு எத்தினை பல்லு எண்டு எனக்கென்ன?"

"உடம்புக்குள்ளை எங்கையாவது ஒரு கட்டியிருந்தால் வெட்டி எடுக்கலாம். உம்மடை எரிச்சலை எங்கை வெட்டுறது?"

"வெட்ட வேண்டாம். அது இல்லாட்டி நான் எப்பவோ விழுந்திருப்பன்."

நிலாந்தி குளிரில் நடுங்கத் தொடங்கினாள். நான் துவாயால் சுற்றினேன்.

பொங்கல் கழிந்ததும் செல்வரத்தினம் முடிவெடுக்க எல்லோரையும் கூப்பிட்டார். நிலாந்தியைத் தனியே விட ஏலாது என்பதால் அந்தக் குடும்பத்தின் கூட்டமெல்லாம் மீனாம்பிகை வீட்டில்தான். அஜந்தா புருசனில்லாமல் பஸ்ஸில் வந்திருந்தாள். நல்ல சீலை. மீனாம்பிகை அந்தச் சீலையின் கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிசினில் போய் இருந்து, ஏதோ அவசரமாகத் தைக்கத் தொடங்கினாள். கம்சிகா குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகளை மெதுவாகக் கழுவினாள். நான் நிலாந்தியோடு கட்டிலில் இருந்தேன்.

"கனடாக்காரர் மறுமொழி கேக்கினம்" என்றார் செல்வரத்தினம். "நான் என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றாள் அஜந்தா. "கம்சிகாவிலை எனக்கொரு குறையுமில்லை. தங்கமான பிள்ளை. ஆனால் இந்தக் குடும்பத்துக்குள்ளை இனி மச்சான் மச்சாள் வேண்டாம்."

"பொடியன் வேறை ஒருத்தியையும் கட்டமாட்டன் எண்டு நிக்கிறானாமே?"

"நிப்பான். பேந்து இருப்பான். பெத்தது நான்."

மிசின் ஓடிக்கொண்டே இருந்தது. அஜந்தா அந்தப் பக்கம் திரும்பினாள். குரல் தளதளத்தது.

"அக்கா, கோவிக்காதை. உனக்குத்தான் இது விளங்கும். நீ மட்டும் சுமந்தனி எண்டு நினைக்காதை. நிலாந்தியின்ர வருத்தத்திலை பாதியை நானும் சுமந்தனான்."

மிசின் நின்றது.

"பாதியோ?" என்றாள் மீனாம்பிகை.

"ஓமக்கா."

"எந்தப் பாதி? பல்லு உதிர்ந்த பாதியோ? ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குக் கீழை பாய் போட்டுப் படுத்த பாதியோ? முப்பது வயசுப் பிள்ளைக்குப் பீ கழுவுற பாதியோ? சொல்லு, எந்தப் பாதியைக் கொண்டு போனனி? என்னட்டை எல்லாம் முழுசாக் கிடக்கு. ஒண்டும் குறையேல்லை."

"அக்கா, நான் அப்பிடி..."

"என்ர புருசனை விட நல்ல புருசன் எடுத்தனி. என்ர பிள்ளையை விட நல்ல பிள்ளை எடுத்தனி. இந்த வருத்தம் ஒண்டுதான் எனக்கெண்டு கிடந்தது. இதிலையும் உனக்குப் பங்கு வேணுமோ?" அவள் மிசினிலிருந்து நூற்கட்டையை உருவி எடுத்தாள். "கேள். இதிலை நூல் சுத்தியிருக்கு. நுனியை ஒரு கிளிப் பிடிச்சு வைச்சிருக்கும். என்ர பிள்ளைக்கு அந்தக் கிளிப்பின்ர வால் கட்டை. நூல் நெகிழுது. அது எங்கடை அம்மாவிட்டை இருந்து வரேல்லை. என்னட்டை இருந்து வரேல்லை, இவரிட்டை இருந்து வரேல்லை. மச்சானைக் கட்டினதாலையும் வரேல்லை. அவளுக்கு மட்டும் வந்தது. உன்ர இரத்தத்திலை இதிலை ஒரு நூலளவும் இல்லை. உன்ர மகனிட்டை இல்லை, அவனுக்குப் பிறக்கிறதுக்கும் வராது. இது என்ர பிள்ளையின்ர. நீ போ!"

குசினிக்குள் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது. அஜந்தா என்னைப் பார்த்தாள்.

"மிஸ், உண்மையோ?"

வீட்டார் வாயாலேயே வந்துவிட்டதால் நான் சொல்லலாம். "உண்மை. மூண்டு பேரின்ர இரத்தமும் சோதிச்சது. நிலாந்தியிலை மட்டும்தான் பிழை. சுஜிதனுக்கும் கம்சிகாவுக்கும் இதாலை ஒரு பயமும் இல்லை. கலியாணத்துக்கு முந்தி இரண்டு பேரும் தலசீமியாவுக்கு இரத்தம் பாக்க வேணும்; அது ஆர் ஆரைக் கட்டினாலும் செய்ய வேண்டியது. சொந்தம் எண்டபடியால் டொக்டரிட்டையும் ஒருக்காப் போய்க் கதைச்சால் நல்லது."

"எப்ப தெரியும்?"

மீனாம்பிகை நூற்கட்டையைத் திரும்ப மிசினில் மாட்டினாள். "ஆவணியிலை" என்றார் அரியநாயகம். அந்தப் பின்னேரம் அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அஜந்தா மாதங்களை எண்ணிக் கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் எண்ணவில்லை. சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"சுஜிதன் பிறந்து, நடந்து, கதைச்ச பிறகும் எனக்கு நித்திரை வாறேல்லை. முதல் சீட்டு நல்லா விழுந்திட்டுது, ரெண்டாவதை இழுக்கப்படாது எண்டு நினைச்சன். அவர் கேட்டவர். மாமியும் கேட்டவ. ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு ஒரு பெட்டை வேணுமெண்டு ஆசை இருந்தது."

மோட்டார் சைக்கிளில் இடம் காணாத கதையை ஊரெல்லாம் சொன்னவள் மிசினில் இருந்தபடி இதைக் கேட்டாள். அந்த நேரத்தில் மீனாம்பிகையின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதை இரக்கம் என்று எழுத எனக்கு மனமில்லை. தங்கச்சியும் ஒன்றை இழந்தவள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பாரம் தூக்குகிறவர்கள் வழியில் இன்னொரு பாரம் தூக்குகிறவரைக் கண்டால் அப்படித்தான் மூச்சு விடுவார்கள்.

"இரு" என்றாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம்." அஜந்தா எழும்பினாள். "அண்ணை, கனடாக்காரருக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ." குசினி வாசலில் நின்று கம்சிகாவின் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். அக்கா பக்கம் திரும்பாமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

இரத்தம் சோதித்தார்கள், குறையொன்றும் இல்லை. வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளையின் தாயும் பெரியம்மாவும் ஒரே மண்டபத்தில் நின்று ஒருவரோடொருவர் கதைக்காமலே எல்லா வேலையையும் செய்து முடித்தார்கள். நிலாந்தியை நான் முன்வரிசையில் இருத்தி வைத்திருந்தேன். மேளம் தொடங்கியதும் கைதட்டினாள். மணப்பெண்ணின் சட்டையைத் தைத்தது மீனாம்பிகை. கழுத்து, தோள், கை எல்லாம் அளவாக இருந்தன.

சுஜிதன் உடுப்புப் பெட்டியோடு இறுப்பிட்டிக்கு வந்தான். மண்கும்பான் வீட்டில் வாத்தியாரும் அஜந்தாவும் மட்டும். கம்சிகா முன்பள்ளியில் நிற்கிற நேரத்தில் மீனாம்பிகை அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடத் தொடங்கினாள். கடைசியில் மனம் இளகிவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன். இரண்டு நாள் இருந்து பார்த்த பிறகு விளங்கியது. அஜந்தா மத்தியானத்தில்தான் மகனுக்குப் போன் அடிப்பாள். அவன் கை சோற்றில் இருக்கும். போனை எடுக்கிறவள் மீனாம்பிகை. பேசாமலிருந்த அக்காவும் தங்கச்சியும் அப்படித்தான் திரும்பப் பேசத் தொடங்கினார்கள்.

போன கிழமை நான் நிலாந்திக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மீனாம்பிகை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஓம், இஞ்சைதான் இருக்கிறான். ஒடியல் கூழ் காய்ச்சினனான். நண்டும் போட்டது. ரெண்டாவது கோப்பை குடிக்கிறான். இவனுக்குக் கூழெண்டால் இவ்வளவு விருப்பமெண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே."

மீனாம்பிகை போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னடி, கேக்குதோ? நல்லா உடம்பு வைச்சிட்டான். அங்கை இருக்கேக்கை மெலிஞ்சு போய்க் கிடந்தவன்."

"கேக்குதக்கா" என்றாள் அஜந்தா. "போன கிழமைக் கூழுக்கு உப்புக் காணாது எண்டு எனக்குச் சொன்னவன். பெரியம்மா மனம் நோகுமெண்டுதான் குடிக்கிறானாம்."

மீனாம்பிகை போனை அப்படியே மிசின் மேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பெரியம்மா."

"சொல்லியிருப்பாய். அவள் பெத்ததுதானே நீ."

கோப்பையை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். உப்புப் போத்தல் திறபடுகிற சத்தம் கேட்டது.